ஒப்படைக்கிற வரைக்கும்

ஜூன் 9, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. ஒரு வாரம்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் முதலாளி. சனிக்கிழமை ரயிலுக்குத் திரும்ப டிக்கெட் போட்டுவிட்டுத்தான் சென்னையிலிருந்து கிளம்பினேன். இத்தனை வருஷமாகப் பாலங்களுக்குப் படம் போடுகிறாளே, ஒன்றிலாவது கால் நனைத்திருப்பாளா என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். நனைக்க இங்கேயும் தண்ணீர் இல்லை. மஞ்சணத்தி ஓடை பொட்டலாகக் காய்ந்து கிடக்கிறது.

இந்த வேலை என் வாயால் வந்தது. இதுவரை எங்கள் கம்பெனி, அரசு கொடுத்த படத்தைப் பார்த்துக் கட்டித்தான் பழக்கம். தவறு நேர்ந்தால் படம் சரியில்லை என்று நாங்கள் எழுதுவோம், கட்டியது சரியில்லை என்று துறை எழுதும். கடிதங்கள் பறந்துகொண்டிருக்கும், பாலம் நின்றுகொண்டிருக்கும். இந்தப் பாலத்துக்குத் துறை புது மாதிரி டெண்டர் விட்டது. வடிவமைப்பும் ஒப்பந்தக்காரருடையது, கட்டுவதும் அவரே. முதலாளி ஞானதிரவியம் தயங்கியபோது, “எடுங்க சார், டிசைன நான் பாத்துக்கறேன்” என்று மார்தட்டியவள் நான். வேண்டவே வேண்டாம் என்றவர் கோமதிநாயகம், எங்கள் புராஜெக்ட் மேனேஜர். முப்பது வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிற இன்ஜினீயர். இங்கே சைட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அக்கரையில் மேலப்பேரி. அந்த ஊருக்கு இருந்த ஒரே வழி தரைப்பாலம். ஐப்பசி மழையில் முங்கும், வடிந்ததும் வெளியே வரும். அதை இடித்துவிட்டுத்தான் நாங்கள் புதுப்பாலம் கட்டுகிறோம். இப்போதைக்குக் குழாய் பதித்து மண் கொட்டி ஒரு மாற்றுப்பாதை போட்டிருக்கிறோம். முதல் வெள்ளத்தில் அது கரைந்துவிடும். அதற்குள் பாலத்தில் பஸ் ஓடாவிட்டால் மழைக்காலம் முழுக்க அந்த ஊர் தீவுதான். நான் வாய்ச்சொல் வீராங்கனை என்று பெயரெடுப்பேன்.

எனக்குத் தனி ஷெட் போட்டிருக்கிறார் கோமதிநாயகம். அவர் ஷெட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. “டிசைன்காரவுகளுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதுல்லா மேடம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

காலையில் இரண்டாவது தூணுக்கான குழியில் பாறை தட்டியது. என் படத்தில் இருந்த ஆழத்திலேயே. ஆட்கள் கைதட்டினார்கள். இதெல்லாம் சகஜம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றேன்.

மதியம் அதில் கம்பி நடத் துளை போட்டபோது, ட்ரில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அது தாய்ப்பாறை இல்லை. எப்போதோ வெள்ளத்தில் உருண்டு வந்து உட்கார்ந்த பெரிய கல். அதற்கு அடியில் சாம்பல் நிறக் களி, கிண்டக் கிண்ட வருகிறது. துறை கொடுத்த மண் பரிசோதனை அறிக்கையில் பாறை என்றுதான் இருந்தது. “தகவலுக்கு மட்டும்” என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்ததையும் நான் படித்தேன். படித்துவிட்டு நம்பிவிட்டேன்.

மெஷினை நிறுத்திவிட்டார்கள். கோமதிநாயகம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகப் போய் நிற்க முடியாது. சைட்டிலிருந்து எழுத்தில் கேள்வி வர வேண்டும், டிசைனிலிருந்து எழுத்தில் பதில் போக வேண்டும். பதினோரு வருஷமாக அப்படித்தான் செய்துவருகிறேன்.

ஜூன் 14, சனி

டிக்கெட்டை ரத்து செய்து, அடுத்த சனிக்கிழமைக்கு வேறு போட்டேன். கேள்வி வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

கேள்வி வரவில்லை. துணி துவைத்தேன். மதியம் அவித்த கடலை, அதுவும் சொத்தை.

ஜூன் 18, புதன்

மேலப்பேரி தங்கபுஷ்பம் தினமும் மொபெட்டில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு மாற்றுப்பாதையில் போகிறவள். பால் சொசைட்டிக்கு அந்த ஊர்ப் பால் மொத்தமும் அவள் வண்டியில்தான் வர வேண்டும். இன்று என் ஷெட் முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

“ஏன்க்கா, மெஷின் சத்தமே கேக்கலையே? மழைக்கு முன்ன முடிச்சிருவியளா?”

“அங்கிருந்து கடிதம் வரணும்மா.”

“எங்கருந்து?”

பக்கத்து ஷெட்டைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், ஷெட்டைப் பார்த்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்ட சம்மந்தி வீட்டுக்காரவுக கணக்கால்லா இருக்கிய” என்று சொல்லிவிட்டு வண்டியை முடுக்கினாள். போன வருஷம் வெள்ளத்தில் ஒரு வாரப் பாலை ஓடையில் கொட்டினார்களாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இவளுக்கு என்ன தெரியும், ஒரு முறை என்று இருக்கிறதில்லையா. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

ஜூன் 20, வெள்ளி

துறையின் உதவிப் பொறியாளர் சேர்மத்துரை பைக்கில் வந்தார். சின்ன வயசு, எந்நேரமும் தேர்வுக்குப் போகிறவர் போன்ற முகம். கையில் ஒரு கடிதம். எங்கள் கோமதிநாயகம் துறைக்கு எழுதியது. அப்போதுதான் எனக்கே தெரியும்.

“அண்ணாச்சி, பாறை இல்ல, திருத்தின படம் அனுப்புங்கன்னு எங்களுக்கு எழுதியிருக்கிய.”

“ஆமா. படம் வராம எப்படித் தோண்ட?”

“படம் எங்களுது இல்லையே அண்ணாச்சி. இது பழைய கான்ட்ராக்ட் இல்ல. வடிவமைப்பு உங்களுது, கட்டுறதும் நீங்க. ஒப்படைக்கிற வரைக்கும் பாலமும் உங்களுது. கடுதாசி போட்டுத்தான் ஆகணும்னா பக்கத்து ஷெட்டுக்குப் போடுங்க.”

கோமதிநாயகம் முப்பது வருஷப் பழக்கத்தை மென்று விழுங்கினார். எனக்குக் குளுகுளு என்று இருந்தது. அதற்குள் சேர்மத்துரை என் பக்கம் திரும்பிவிட்டார்.

“நீங்க இத்தன நாளா என்ன செய்தியோ மேடம்?”

“சைட்லேர்ந்து கேள்வி வரும்னு காத்துக்கிட்டிருக்கேன்.”

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அவர் அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகும்போது தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் என் ஷெட் தகரத்தை யாரோ தட்டினார்கள்.

“பாறை இல்ல மேடம்” என்றார் கோமதிநாயகம்.

“தெரியும் சார். ஜன்னல் வழியா பாத்தேன்.”

“பாத்துட்டும் வரலையே.”

“நீங்களும் சொல்லலையே.”

இருவரும் குழி ஓரத்துக்கு நடந்தோம். ஒரு வாரத்துக்கு மேல் சும்மா கிடந்த குழி. நல்ல கோடை நாட்கள், ஒன்றுகூடத் திரும்பி வராது. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, அவமானத்தில்.

“ஒங்க மேசைய எங்கன போட?” என்றார்.

ஜூன் 21, சனி

மேசை அவர் ஷெட்டுக்குள் போய்விட்டது. வாசலில் நுழையவில்லை என்று தகரத்தையே வெட்டிவிட்டார். இன்று ஊருக்குப் போக வேண்டிய நாள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஜூன் 26, வியாழன்

அக்கரைப் பக்கமாக ஓடைக்குக் குறுக்கே துளை போட்டுப் பார்த்தோம். நான் கூடவே நின்றேன், முகமெல்லாம் கல்பொடி. மேலப்பேரிக் கரைக்குக் கொஞ்சம் முன்னால் தாய்ப்பாறை கிடைத்தது. மேலும் கீழும் பக்கத்திலும் துளைத்து, ஒன்றுக்குப் பத்து தடவை உறுதி செய்த பிறகுதான் சிரித்தேன். இரண்டாவது தூண் இனி அங்கே.

தூண் நகர்ந்தால் கடைசிக் கண், அதாவது தூணுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி, சின்னதாகும், நடுக்கண் நீளமாகும். அதன் உத்திரங்களும் நீளமாக வேண்டும். மூன்று கண்ணுக்கும் ஒரே அளவில் வார்க்கத்தான் இரும்பு அச்சு செய்து வைத்திருக்கிறோம்.

“அச்ச வெட்டி ஒட்டி நீட்டிரலாம்” என்றார் கோமதிநாயகம். “தூக்குறதுதான் பாடு. அவ்வளவு கனத்தத் தூக்க நம்ம கிரேன் நாக்கத் தள்ளிரும்.”

“கனத்தைக் குறைக்கறேன்.”

“எப்படி?”

“எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொண்ணையும் ஒல்லியா…”

“எண்ணிக்கை கூடுனா நாளு கூடும். மழை வந்து நிக்கும்.”

சத்தம் போட்டோம். நன்றாகவே போட்டோம். கம்பி கட்டுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒன்று எழுத வேண்டும்: சென்னையில் இந்தச் சண்டை கடிதத்தில் நடந்திருந்தால் ஆடி போய் ஆவணி வந்திருக்கும். இங்கே டீ ஆறுவதற்குள் முடிந்தது. இரண்டு கிரேன் வைத்து, இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்குவது. அப்படித் தூக்கினால் உத்திரம் வெடிக்காமலிருக்கக் கொக்கி எங்கே வைப்பது என்பது என் கணக்கு. கிரேன் எங்கே நிற்கும் என்பது அவர் கணக்கு.

ஒரு கிரேனுக்கு இடம் இருக்கிறது. இன்னொன்று களியில்தான் நிற்க வேண்டும். அதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

ஜூன் 28, சனி

தெரிந்துவிட்டது. எங்களை ஏமாற்றிய அந்தக் கல் இருக்கிறதே, அதன் மேல் குழியை நிரவி, மரக்கட்டைகளைப் பரப்பி, இரண்டாவது கிரேனை அங்கே நிறுத்துவது. பாலத்தை நூறு வருஷம் சுமக்க அதற்கு வக்கில்லை. கிரேனைச் சில நாள் சுமக்கட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், தாங்குகிறது. கல் அகலமானது, பாரத்தைப் பரப்பிவிடும்.

இதை முதலில் சொன்னது யார் என்பதில் தகராறு. நான்தான். அவரும் நான்தான் என்கிறார்.

ஜூலை 3, வியாழன்

முதலாளி போன் செய்தார். வேலை நின்ற நாட்களைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் தப்பு என்று கேட்டார். மழுப்ப மனம் வரவில்லை. “ரெண்டு பேருந்தான் சார். நான் துளை போட்டுப் பாக்காம படம் போட்டேன். பாறை இல்லன்னதும் அவர் எங்கிட்டச் சொல்லல, நானும் போய்க் கேக்கல” என்றேன்.

சிரித்தார். “அவரும் இதையேதான் சொன்னாரு. ஒங்கள மாத்திட்டு வேற ஆள் அனுப்பட்டுமான்னு கேட்டேன். அதுக்கு ஒரு பதில் சொன்னாரு பாருங்க.”

என்ன பதில் என்று சொல்லாமலேயே வைத்துவிட்டார். தெரிந்துகொள்ள எனக்கொன்றும் துடிப்பில்லை. இன்று காலையிலிருந்து என் நாற்காலிக்கு நேராக ஒரு மின்விசிறி ஓடுகிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, “அங்கன சும்மா கெடந்துச்சு” என்றார். பெட்டியின் அட்டை வெளியே புதிதாகக் கிடந்தது.

ஜூலை 19, சனி

முதல் நீள உத்திரம் வார்த்தோம். காலையில் படத்தில் ஒரு கம்பியை இடம் மாற்றினேன், மதியம் அது அச்சுக்குள் கட்டிக் கிடந்தது. பதினோரு வருஷத்தில் நான் போட்ட ஒரு கோடுகூட இவ்வளவு சீக்கிரம் பொருளாக மாறிப் பார்த்ததில்லை. உச்சி குளிர்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன். ஈரக் கான்கிரீட்டைத் தொட்டதற்குக் கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் திட்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தலைவலி. சென்னை அலுவலகம் எப்போது வருகிறாய் என்று கேட்டது. அடுத்த வாரம் என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று தூக்கினோம்.

கல்லின் மேல் ஒரு கிரேன், முதல் தூண் பக்கம் ஒரு கிரேன். நடுவில் உத்திரம். மேலப்பேரியில் பாதிப்பேர் கரையில் நின்றார்கள். தங்கபுஷ்பம் பால் கேனோடு நின்றாள். முதல் தூணின் மேல் அண்ணாச்சி, கையில் பச்சைக்கொடி, கழுத்தில் விசில். நான் கல்லின் பக்கத்தில் குத்தவைத்து, அது இறங்குகிறதா என்று அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

உத்திரம் தரையை விட்டபோது கல் ஒரு நூலளவு அமுங்கியது. பிறகு அசையவே இல்லை. என் கணக்கில் அதைவிட அதிகம் அமுங்கும் என்று போட்டிருந்தேன்.

விசில் கேட்டது. நிமிர்ந்தபோது உத்திரம் இரண்டு தூண்களின் மேலும் உட்கார்ந்திருந்தது.

“கல்லு என்ன சொல்லுது?” என்று மேலிருந்து கத்தினார்.

“அப்படியே நிக்கி அண்ணாச்சி” என்று நானும் கத்தினேன். நான் பிறந்து வளர்ந்த அம்பாசமுத்திரத்தை விட்டு வந்தபோது தொலைந்த பேச்சு, அது பாட்டுக்கு வாயில் வந்துவிட்டது. கரையில் விசிலடித்தவர்களில் பெண்கள்தான் அதிகம்.

செப்டம்பர் 11, வியாழன்

மேல்தளம் வார்த்து முடித்தோம். இடுப்பு ஒடிந்துவிட்டது. வேறு எழுதத் தெம்பில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

பாரச் சோதனை. மணல் ஏற்றிய டிப்பர்களை நடுக்கண்ணில் நெருக்கி நிறுத்தினார்கள். சேர்மத்துரை அடியில் நின்று வளைவு காட்டும் மானியைப் படித்தார். வளைவு நான் சொன்னதைவிடக் குறைவு. பாரத்தை இறக்கிய பிறகு பாலம் பழைய நிலைக்கே திரும்பியது. அவர் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, “பாஸ் மேடம்” என்றார், தேர்வு எழுதியவர் தானே என்பது போல.

இனி இணைப்புச் சாலையில் தார் போட வேண்டும். பிறகு திறப்பு விழா. அதற்கு மேலிடத்திலிருந்து தேதி வர வேண்டும். பாலத்தின் வாயில் பந்தல் கால் நட்டாயிற்று. தேதிதான் வரவில்லை.

அக்டோபர் 15, புதன்

தேதி வரவில்லை. தார் வண்டியும் வரவில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.

அக்டோபர் 17, வெள்ளி

ஐப்பசி பிறக்க ஒரு நாள் இருக்கிறது. மழை காலண்டர் பார்க்கவில்லை. நேற்று முழுக்க ஊற்றியது. இன்று காலை மாற்றுப்பாதை இருந்த இடத்தில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. குழாய் ஒன்று உருண்டு போவதைப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் மேலப்பேரிக்காரர்கள். தங்கபுஷ்பத்தின் மொபெட், பின்னால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், ஒரு ஆட்டோவுக்குள் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒருவர். இந்தப் பக்கம் அவர்களை ஏற்ற வந்த பஸ். நடுவில் எங்கள் பாலம், முழுசாக, வெள்ளத்துக்கு மேலே, பலமாக, வாயில் பந்தல் காலும் தடுப்புமாக.

சேர்மத்துரை குடையோடு நின்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. திறப்பதற்கு உத்தரவு கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. மேலே இருப்பவர்கள் தேதி வரட்டும் என்கிறார்கள். விழா நடக்காமல் திறந்துவிட்டார் என்றால் அவரைத் தூக்கி எங்கேயாவது போட்டுவிடுவார்கள்.

“ஒரு கடுதாசி இல்லாம என்னால…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். எங்கள் இருவரையும் பார்த்தார். அப்புறம் குடையை மடக்கி, மழையில் நனைந்துகொண்டே அதன் கம்பிகளை ஆராய்ந்தார்.

“வடிவமைப்பு உங்களுது. கட்டுனதும் நீங்க” என்று குடையிடம் சொன்னார். “ஒப்படைக்கிற வரைக்கும் பாலமும் உங்களுது. நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்.”

திரும்பிப் பார்க்காமல் டீக்கடைக்கு நடந்துவிட்டார்.

அண்ணாச்சியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“தார் இல்லாத சாலை தாங்குமா?” என்றேன்.

“கருங்கல் ஜல்லி, நான் நின்னு அமுக்குனது. மெதுவா போனா ஒண்ணும் செய்யாது. பாலம் தாங்குமா?”

“நான் போட்டது.”

“பொறவு என்ன?” என்றார். “கையெழுத்துப் போடணும்னாலும் நாம ரெண்டு பேருந்தான போடணும்.”

பந்தல் காலை அவர் அசைத்தார், நான் அசைத்தேன், பிறகு ஆட்கள் வந்து அலாக்காகப் பிடுங்கினார்கள். அந்த ஆட்டோவைத்தான் முதலில் விட்டோம். அடுத்து தங்கபுஷ்பம். பால் கேன் இரண்டும் ஆட, நடுக்கண்ணில் வண்டியை நிறுத்திக் கீழே வெள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஏன் நின்னுட்ட?” என்று கேட்டேன்.

“போன வருசம் எம் பாலக் குடிச்ச ஓடைதானக்கா. மேல நின்னு ஒரு தடவ பாத்துக்கிடுதேன்” என்றாள்.

பிறகு பஸ். பாலத்தின் நடுவில் நின்றிருந்த எனக்குக் காலடியில் லேசான நடுக்கம் தெரிந்தது. அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் இருந்தது. அண்ணாச்சி விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மழை என்றார். அவர் தொப்பி போட்டிருந்தார். நானும் அழுதுகொண்டிருந்தேன்.

பஸ் அக்கரை போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பியபோது, டீக்கடை வாசலில் சேர்மத்துரை தம்ளரை உயர்த்திக் காட்டினார். உடனே திரும்பி நின்றுகொண்டார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முதலாளி போன் செய்தார். துறையிலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். ஒப்படைக்கிற வரைக்கும் பாலம் எங்களுடையது என்கிற ஒப்பந்தப் பக்கத்தையே நகலெடுத்து அனுப்பிவிட்டாராம், பதிலே இல்லையாம். குரலில் பட்டாசு வெடித்தது. இதே மாதிரி ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு பாலம் வருகிறது, எடுக்கலாமா என்றார்.

“கோமதிநாயகம் சார் என்ன சொல்றார்?”

“அன்னைக்குச் சொன்னதையேதான். அந்தப் பொண்ண மாத்துறதா இருந்தா என்னையும் சேத்து மாத்துங்க.”

எடுங்க சார் என்றேன். இந்த முறை மார்தட்டவில்லை.

அக்டோபர் 22, புதன்

சென்னை டிக்கெட்டை ரத்து செய்தேன். புது சைட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று அண்ணாச்சி போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இருந்ததால் காதில் விழுந்தது.

“ஷெட்டு ஒண்ணு போதும். மேசை மட்டும் பெருசா அனுப்புங்க. அந்தம்மா படத்த விரிச்சா எனக்கு டீ வைக்க இடமில்ல.”